ஒரு தாள் குறைகிறது

சமநிலை ஆணையத்துக்கு மனு கொடுக்கப் போகிறவர்கள் காகிதம் கொண்டுபோக வேண்டும். நிறையக் கொண்டுபோக வேண்டும். இது தெரியாமல் அந்தத் தராசுக்காரர் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோனார்.

தராசுக்காரர் என்றால் தராசு விற்கிறவர் அல்ல, பழுதுபார்க்கிறவர். கடைவீதியில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூச்சு முட்டுகிற அளவுக்கு ஒரு கடை. மளிகைக் கடை, இரும்புக் கடை, பழைய பேப்பர் கடை என்று எங்கே முள் கோணினாலும் அவரிடம்தான் வரும். முப்பத்தொரு வருஷத் தொழில். ஒரு பொருளைக் கையில் வாங்கினால் கை தானாகவே எடை சொல்லிவிடும். ஐந்து கிராம் முன்னே பின்னே இருந்தால் அதிகம்.

ஆணையத்தின் எடைக் குமாஸ்தா வலது கையில் மட்டும் வெள்ளை உறை போட்டிருந்தார். கைவியர்வை காகிதத்தில் பட்டால் எடை கூடிவிடுமாம். பாட்டிலை உறை போடாத கையால் தூக்கிப் பார்த்தார். அடியில் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு விரல் உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது.

"என்னண்ணே இது?"

"தண்ணி. எங்க தெருமுனை பம்புல வர்றது. பக்கத்துல பேட்டரி ஆலை வந்த நாள்லேருந்து இப்படித்தான் வருது. என் வீட்டுக்காரிக்கு கிட்னி போய்க்கிட்டிருக்கு. இந்தத் தண்ணிய நிறுத்தினா இன்னும் பல வருஷம் தாங்கும்னு டாக்டர் சொல்றார். கேன் தண்ணி வாங்கினோம், அதுவும் அதே பூமியிலேருந்துதான் எடுக்கறான். ஆலைய மூடுங்கன்னு நான் சொல்லல. வாரத்துக்கு ஒரு லாரி நல்ல தண்ணி எங்க தெருவுக்கு வந்தாப் போதும்."

குமாஸ்தா பொறுமையாகக் கேட்டார். கேட்பதற்கு எடை இல்லை என்பதால் அவர் எதையும் கேட்பார்.

"நாங்க தண்ணிய எடை போடறதில்லண்ணே. பேப்பரைத்தான் போடுவோம்."

ஆணையம் தொடங்கியபோது இந்த ஏற்பாடு இல்லை. ஒரு குளம் போனால் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தால் ஈடாகும், ஒரு சாலைக்கு எத்தனை மரம், நூறு பேருடைய இருமலுக்கு எத்தனை டன் ஏற்றுமதி என்று நிபுணர்கள் ஒன்பது வருஷம் விவாதித்தார்கள். மூன்று பேர் விவாதத்தின்போதே ஓய்வு பெற்றார்கள். பத்தாவது வருஷம், கிடங்கு மேலாளராக இருந்து உறுப்பினராகியிருந்த ஒருவர் எழுந்தார். இரு தரப்பும் தங்கள் உண்மையை எழுத்தில்தானே தருகிறார்கள், எழுத்து காகிதத்தில்தானே இருக்கிறது, காகிதத்துக்கு எடை உண்டே என்றார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இரு தரப்புக்கும் ஒரே வகைத் தாள், ஒரே அளவு என்று விதி வந்தது. அன்றிலிருந்து ஆணையத்தில் கருத்து வேறுபாடு என்பதே கிடையாது.

கூடத்தின் நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பித்தளைத் தராசு நின்றது. இடது தட்டு இயற்கைத் தட்டு. வலது தட்டு வளர்ச்சித் தட்டு. ஒவ்வொரு எடைக்கும் முன்னால் மணி அடிக்கும். அப்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும்; யாரும் மூச்சை வேகமாக விடக்கூடாது.

தராசுக்காரர் அங்கேயே உட்கார்ந்து இரண்டு தாளில் மனு எழுதினார். மணி அடித்தது. வளர்ச்சித் தட்டில் பேட்டரி ஆலையின் கோப்பை இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். பதினொரு கிலோ. ஆலை உண்டாக்கிய வேலைகள், புகை விடாத வண்டிகளுக்கு அது தருகிற பேட்டரிகள், அதனால் சுத்தமாகப் போகிற தூர தேசத்துக் காற்று எல்லாம் அதில் இருந்தன. இயற்கைத் தட்டில் இரண்டு தாளைக் குமாஸ்தா உறை போட்ட கையால் வைத்தார். தட்டு அதைக் கண்டுகொள்ளவில்லை.

மனுவின் மேல் 'கனமற்ற குறை' என்று முத்திரை விழுந்தது.

தராசுக்காரர் முத்திரையைப் பார்க்கவில்லை. இரண்டு தட்டிலும் எல்லாவற்றையும் எடுத்த பிறகு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முள்ளைப் பார்த்தார்.

"தம்பி, வெறும் தட்டுக்கே முள் வலது பக்கம் நிக்குதே. தண்டைத் தாங்கற நடுக்கத்தி தேஞ்சு போயிருக்கு. நூத்தம்பது கிராமாவது பிசகு இருக்கும்."

குமாஸ்தா சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

"மெதுவாப் பேசுங்கண்ணே. தராசைப் பத்திக் குறை சொல்றதுன்னா அதையும் எழுதிக் கொடுங்க. தராசு நல்லா இருக்குன்னு எங்ககிட்ட மூணு கிலோ சான்றிதழ் இருக்கு. ரெண்டையும் எடை போட்டுப் பாத்துடலாம்."

"எதுல?"

"இதுலதான்."

*

தராசுக்காரரின் மனைவி தையல்காரி. ஆயத்த ஆடைக் கடைகளுக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். இரண்டு மாதமாக விரல்கள் வீங்கிவிட்டதால் தையல் தொப்பி விரலில் ஏறவில்லை. ஊசி குத்தினால் குத்தட்டும் என்று வெறும் விரலால் தைத்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"கனம் பத்தலையாம்."

"எனக்கா? என் காலை வந்து பாக்கச் சொல்லுங்க. தூக்கி வெச்சா அவங்க தராசே உக்காந்துடும்."

"காலெல்லாம் போட மாட்டாங்களாம். பேப்பர்தான் வேணுமாம்."

"அதுக்கென்ன, ஆஸ்பத்திரியில தர்றானே கட்டு கட்டா. மருந்தை மறந்தாலும் பேப்பரை மறக்க மாட்டான்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் அன்றைக்கே பரண்மேல் இருந்த பையை இறக்கினார். ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், மருந்துச் சீட்டு. ஒவ்வொரு தாளும் நாலேமுக்கால் கிராம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அறிக்கைகளைத் தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்துத் தரும்படி கேட்டார். எழுத்தைப் பெரிதாகப் போட முடியுமா என்றும் கேட்டார். அங்கிருந்தவர் பெரியவருக்குக் கண் பிரச்சினை என்று நினைத்துப் பெரிதாகவே போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்பாள்:

"இன்னிக்கு எத்தனை கிராம் சீக்கு எனக்கு?"

"அறுபத்தேழு."

"பரவாயில்லையே. போன வாரம் முப்பதுதானே."

சிறுநீரகம் எழுபது சதவீதம் போய்விட்டது என்று சொன்ன நாளில் ஒரு தடித்த கோப்பையே கொடுத்தார்கள். முந்நூற்று நாற்பது கிராம். அதை அக்குளில் வைத்துக்கொண்டு தராசுக்காரர் ஆஸ்பத்திரிப் படிகளைக் கொஞ்சம் வேகமாகவே இறங்கினார். பாதிப் படியில் தன் கால்களின் வேகம் அவருக்கே உறைத்தது. நின்றார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

தெருவில் இருபத்தாறு வீடு. எல்லா வீட்டிலும் யாருக்காவது ஏதாவது இருந்தது: பல் கறுத்துப் போனது, குழந்தைக்குப் பேச்சு வராதது, கை நடுக்கம். அவர் வீடு வீடாகப் போய்க் கேட்டதும் ஆளுக்கு ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். எட்டு நாளில் பதினொரு வீட்டார் வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பதினொரு வீட்டிலும் யாரோ ஒருவர் ஆலையில் வேலை பார்த்தார். நோய் யாருடையது என்று ஆலைக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூடாது. மனு கொடுத்தவர்களின் பட்டியலை இரு தரப்புக்கும் சமமாக வழங்குவது ஆணையத்தின் நடுநிலையில் சேர்ந்தது.

மனைவியின் தம்பியும் ஆலையில்தான் வேலை செய்தான்; ஈயம் உருக்குகிற பகுதியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் தாள் கட்டோடு வந்து வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடா. என்ன, மாமாகிட்ட ஏதாவது எடை பாக்கணுமா?" என்றாள் அக்கா.

"எழுதணும்க்கா. ஆலையால எங்க குடும்பத்துக்கு என்ன நன்மைன்னு ஆளுக்குப் பத்துப் பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லிட்டாங்க. கொடுக்கலைன்னா ஷிப்ட் கிடையாது. நமக்கு எழுத வருமா? அரைப் பக்கத்துலேயே தீந்துபோச்சு."

தராசுக்காரர் தன் கோப்பில் இருந்த தாள்களை அடுக்குவதுபோல் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள்தான் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எழுதுடா, நான் சொல்றேன். இந்த ஆலையின் புண்ணியத்தால் என் அக்காவுக்குத் தினமும் படுத்து ஓய்வெடுக்க நேரம் கிடைத்திருக்கிறது."

"அக்கா..."

"எழுது. முன்பெல்லாம் கடைவீதியைத் தாண்டாதவள், இப்போது வாரம் இரண்டு முறை வண்டி வைத்துக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள். எழுதிட்டியா? எழுத்தைப் பொடியாப் போடுடா. பக்கம் குறையட்டும்."

"எழுத்து எவ்வளவு பெரிசா இருக்கணும்னு அளவு கொடுத்திருக்காங்கக்கா."

"அதானே பாத்தேன். புத்திசாலிப் பயலுங்க."

மூவரும் சிரித்தார்கள். தம்பிதான் முதலில் நிறுத்தினான். சாயங்காலத்துக்குள் பத்துப் பக்கமும் முடிந்தது. பாதிக்குமேல் அவள் சொல்லச் சொல்ல எழுதியது. போகும்போது அதை மாமாவிடம் நீட்டினான். ஏன் நீட்டினான் என்று அவனுக்கே தெரியாது. தராசுக்காரர் வாங்கினார். கை தானாகவே சொன்னது: நாற்பத்தேழு.

"மன்னிச்சுக்கங்க மாமா."

"வேலைய விட்டுடாதே மாப்ளே. அக்கா மருந்துக்கு நீயும்தானே தர்றே" என்று திருப்பிக் கொடுத்தார்.

*

ஆணையத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் இருந்தபோது தராசு அசையாமல் நின்றுவிட்டது. கோப்புகள் கனத்துக்கொண்டே போனதில் தேய்ந்த கத்தி மொத்தமாக மழுங்கிவிட்டது. எதைத் தூக்கி வைத்தாலும் முள் வளர்ச்சிப் பக்கமே காட்டியது. மூன்று நாள் அப்படியே எடை போட்டார்கள். நான்காம் நாள், பயிற்சிக்கு வந்த ஒருவர் வளர்ச்சித் தட்டில் எதையுமே வைக்க மறந்துபோய், அப்போதும் வளர்ச்சியே வென்றதால் விஷயம் வெளியே வந்தது. விழாவுக்கு வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள். எடைக் குமாஸ்தாவுக்குத் தராசுக்காரரின் நினைவு வந்தது.

ஆணையத் தலைவரின் அறையில் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த சுவர் அப்படியே தெரிந்தது. அவ்வளவு தெளிந்த தண்ணீரைத் தராசுக்காரர் பார்த்து நாளாகியிருந்தது.

"குடிங்க, குடிங்க" என்றார் தலைவர். "இந்த ஆணையத்துக்கு இருபத்திரண்டு வயசு ஆகுது. இதுவரைக்கும் ஒரு ஆலைய மூடினதில்ல. ஒரு ஆத்தைக் காப்பாத்தினதும் இல்ல. இதைவிட நடுநிலையை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"வளர்ச்சியும் வேணும், இயற்கையும் வேணும். ரெண்டு கண்ணு மாதிரி. ஒரு கண்ணால பாக்கும்போது இன்னொண்ண மூடிக்கணும், அவ்வளவுதான். உங்க தொழில்லயும் அப்படித்தானே?"

"முள் பாக்கறப்ப மட்டும் மூடுவோங்க. ஐயா, ஒண்ணு கேக்கலாமா? காலையில எங்க வீட்டு வாசல்ல நிக்கும்போது பாத்தேன். மூணு லாரி நல்ல தண்ணி ஆலைக்குள்ள போச்சு. எங்க தெரு வழியாத்தான் போச்சு."

"அது மெஷினுக்கு. துளி உப்பு இருந்தாலும் மெஷின் பாழாயிடும். மனுஷன் அப்படியில்ல பாருங்க, எதையும் பழகிக்குவான். தண்ணி கம்மியா இருக்கிற நாட்டுல யாருக்கு முதல்ல தரணும்னு நாங்க யோசிக்காமலா இருப்போம்? பழகிக்க முடியாதவங்களுக்குத்தான் முதல்ல தரணும்."

மூன்று நாள் வேலை. தராசுக்காரர் தண்டைக் கீழே இறக்கினார். கத்தியைச் சாணை பிடித்தார். கத்தி உட்கார்கிற கல்லை மாற்றினார். சங்கிலிகளில் பன்னிரண்டு வருஷத்து அழுக்கைக் கரைத்து எடுத்தார். தன் கோப்பு ஒன்பது கிலோவைத் தாண்டிவிட்டது அவருக்குத் தெரியும். முந்தின வருஷத் தாள் செல்லாது என்று ஒரு விதி இருந்ததில், ஆலையின் கோப்பு பதினொன்றிலிருந்து ஒன்பது கிலோ சொச்சத்துக்கு இறங்கியிருந்ததும் தெரியும். தராசு உண்மையாக நின்றால் ஏதோ ஒரு நியாயம் நடக்கும் என்று நம்பினார்.

இரண்டாம் நாள் மாலை மனைவி கேட்டாள். இப்போது அவள் உட்கார்ந்துகொண்டே கேட்க முடியவில்லை, படுத்தபடிதான்.

"ஏங்க, தராசு உங்க கையில இருக்கு. நம்ம பக்கம் ஒரு நூல் இழுத்து வெச்சா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு மட்டும்தானே."

"கள்ளம் பண்ணினா அது தராசு இல்ல, வெறும் பித்தளை. நாளைக்கு வேற எவனாவது தண்ணிக்காக அதே தட்டுல வந்து நிப்பான். அவனுக்கும் பொய் சொல்லும்."

அவள் முகட்டைப் பார்த்தாள்.

"முள்ளைப் பாக்கற கண்ணால என்னை ஒரு நாள் பாத்திருந்தீங்கன்னா, கால் வீங்கின அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் நாள் போய், கத்தியைக் கல்லில் உட்கார வைத்து, வெறும் தட்டில் ஒரு தீக்குச்சியை வைத்துப் பார்த்தார். முள் அசைந்தது. எடுத்தார், நடுவுக்கு வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் செய்த வேலைகளில் அதுதான் மிகச் சுத்தம்.

*

விழா நாளில் தலைவர் ஒலிபெருக்கி முன்னால் நின்று பேசினார்:

"சிலர் கேட்கிறார்கள், நிலத்தடி நீர் குறைகிறதே, ஆணையம் என்ன செய்தது என்று. நான் புள்ளிவிவரத்தோடு சொல்கிறேன். நீர் குறைந்த ஒவ்வோர் ஆண்டும் நீர் பற்றிய நமது அறிக்கைகள் பெருகியிருக்கின்றன. பத்தாண்டுக்கு முன்னால் இந்தப் பகுதியில் நாற்பது அடியில் தண்ணீர். நம்மிடம் இருந்ததோ ஓர் அலமாரி. இன்று அறுநூறு அடியில் தண்ணீர்; நம்மிடம் பதினாறு அலமாரி! இழப்பு என்று எதைச் சொல்வீர்கள்? ஒன்று போன இடத்தில் இன்னொன்று வந்திருக்கிறது. சமநிலை என்பது இதுதான்."

விருந்தினர்கள் கைதட்டினார்கள். மணி அடித்தது. அன்றைய எடைக்குப் பேட்டரி ஆலையின் கோப்பைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், தராசைச் சரிசெய்தவரே மனுதாரர் என்பது பார்க்க அழகாக இருக்கும் என்பதால்.

ஒன்பது கிலோ சொச்சம் வலது தட்டில் ஏறியது. மைத்துனனின் பத்துப் பக்கமும் அதில் இருந்தது. இடது தட்டில் பதினைந்து வீடுகளின் நோய் ஏறியது. முள் நடுங்கியது, நடுங்கிக்கொண்டே இறங்கி வந்தது, நடுக்கோட்டுக்கு ஒரு மயிரிழை வலப்பக்கம் நின்றுவிட்டது. குமாஸ்தா ஒரு வெற்றுத் தாளை எடுத்து இடது தட்டில் வைத்துப் பார்த்தார். முள் கோட்டுக்கு நேராக வந்தது. வெற்றுத் தாள் செல்லாது என்பதால் எடுத்துவிட்டார்.

"ஒரு தாள் குறைகிறது" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

ஆணையத்தின் வரலாற்றில் எந்த மனுவும் இவ்வளவு நெருங்கியதில்லை. தலைவர் பெருந்தன்மையோடு ஒரு மாதத் தவணை கொடுத்தார். அதுவரை வலது தட்டுக்குப் பூட்டு. யாரும் எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

குமாஸ்தா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உறை போட்ட கை.

"ஒரே ஒரு தாள்தாண்ணே! ஒரு மாசத்துல உங்க வீட்ல எத்தனை பரிசோதனை எடுப்பாங்க? இன்னிக்குத் தேதிக்கு அப்புறம் வந்ததா இருக்கணும். அச்சடிச்சு, முத்திரை போட்டிருக்கணும். கோப்புல இருக்கிற ஏதாவது ஒரு வீட்டுத் தாளா இருக்கணும். இவ்வளவுதான்."

மறுநாள் தராசுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். முகப்பில் ஒரு பெரிய மரத்தின் படம் மாட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து அறிக்கை எதுவும் காகிதத்தில் கிடையாது, எல்லாம் கைபேசியில் வரும் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சட்டம் போட்டு ஒரு பாராட்டுப் பத்திரம்: காகிதத்தை ஒழித்து இயற்கையைக் காத்ததற்காகச் சமநிலை ஆணையம் வழங்கியது.

"ஒரு தாள் போதும்மா" என்றார் மேசையில் இருந்த பெண்ணிடம். "ஒரே ஒரு தாள்."

"முடியாது அங்கிள். பிரின்டரையே எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு தாள் செய்ய எத்தனை லிட்டர் தண்ணி செலவாகுது தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அன்றைக்குத் தெம்பில்லை.

"எதுக்குமே பேப்பர் தர மாட்டீங்களா?"

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் தருவோம். மேல் மாடி ஆபீஸ்ல கொடுப்பாங்க. அது உங்களுக்கு வேணாம் அங்கிள்."

எது என்று அவர் கேட்கவில்லை.

மற்ற பதினாலு வீட்டாரும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். அவர்களுக்கும் கைபேசியில்தான் வந்தது. தராசுக்காரர் வேறு ஆஸ்பத்திரி பார்த்தார். அங்கேயும் மரம் மாட்டியிருந்தார்கள். கைபேசியில் வந்ததைக் கடைவீதியில் அச்சடித்து எடுத்துப் போனார். முத்திரை இல்லை என்று திருப்பினார்கள். மைத்துனன், தான் எழுதிய பத்துப் பக்கத்தையும் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தான். வலது தட்டு பூட்டியிருக்கிறது என்று அதையும் திருப்பினார்கள். ஆனால் கடிதத்தின் நகல் நடுநிலையோடு ஆலைக்குப் போனது. அடுத்த வாரத்திலிருந்து அவனுக்கு ஷிப்ட் இல்லை.

இருபத்துமூன்றாம் நாள், பிற்பகல் மூன்று மணிக்கு அவள் இறந்தாள். பாதிப் பொத்தான் தைத்த சட்டை ஒன்று கால்மாட்டில் கிடந்தது. ஊசி அதிலேயே குத்தியிருந்தது.

மேல் மாடி அலுவலகத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். அச்சடித்தது, முத்திரையிட்டது, அன்றைய தேதி போட்டது. தராசுக்காரர் இரண்டு கையாலும் வாங்கினார். கைகள் அப்போதும் சும்மா இருக்கவில்லை.

கீழே நின்றிருந்த மைத்துனன் அவர் கையைப் பார்த்தான்.

"மாமா, இதையா கொண்டுபோகப் போறீங்க?"

"தெருவுல இன்னும் இருபத்தஞ்சு வீடு இருக்குல்ல மாப்ளே."

"அக்காவை... தட்டுலயா?"

"அவளே சொன்னாளே. தூக்கி வெச்சா தராசு உக்காந்துடும்னு."

*

மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். குமாஸ்தா அந்தத் தாளை வாங்கிப் படித்தார். ஆணையத்தில் அவர் படித்துப் பார்த்த முதல் தாள் அதுவாக இருக்கலாம். உறை போட்ட கையால் இரண்டு முறை எடுத்து எடுத்து வைத்தார்.

முள் அசைந்தது. வந்தது. கோட்டின்மேல் நின்றது.

கூடத்தில் இரைச்சல் எழுந்தது. யாரோ ஓடிப்போய்த் தலைவரைக் கூட்டிவந்தார்கள். தலைவர் தராசின் முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"இருபத்திரண்டு வருஷம்" என்றார். "இந்த ஒரு காட்சிக்காகத்தான் இந்த ஆணையத்தையே ஏற்படுத்தினாங்க. எத்தனையோ தலைவர்கள் பாக்காமலே போயிட்டாங்க. சமநிலை!"

எல்லோரும் கைதட்டினார்கள். எடைக் குமாஸ்தா மட்டும் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கைதட்டல் ஓயும்வரை தராசுக்காரர் காத்திருந்தார்.

"ஐயா, தண்ணி லாரி?"

"என்ன லாரி?"

"வாரத்துக்கு ஒண்ணு. எங்க தெருவுக்கு. தாள் சரியா வந்துடுச்சுங்களே."

தலைவர் அவர் தோளில் கை வைத்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"லாரி விட்டா இந்தப் பக்கம் சாஞ்சிடும். ஆலைக்கு இன்னொரு குழாய் கொடுத்தா அந்தப் பக்கம் சாஞ்சிடும். நீங்களே தராசுக்காரர், உங்களுக்கு நான் சொல்லணுமா? இப்ப இருக்கறது இருக்கறபடியே இருந்தாத்தான் சமநிலை. இனிமே ரெண்டு தட்டுலயும் ஒரு தூசி சேரக்கூடாது. எவ்வளவு கஷ்டப்பட்டு வந்திருக்கு!"

அன்று மாலைக்குள் ஆணை வந்துவிட்டது. இந்த விஷயத்தில் சமநிலை எட்டப்பட்டதால் தற்போதைய நிலை நிரந்தரமாகத் தொடரும். தராசு, கோப்புகளோடு அப்படியே கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்கப்படும். பள்ளிப் பிள்ளைகள் புதன்கிழமைகளில் வந்து பார்க்கலாம்.

ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி இருந்தது. தராசில் பிழை இல்லை என்று தொழில் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

தராசுக்காரர் தராசின் அருகே போனார். குனிந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு முள்ளைப் பார்த்தார். தண்டைப் பார்த்தார், தான் சாணை பிடித்த கத்தியைப் பார்த்தார், தான் மாற்றிய கல்லைப் பார்த்தார். ஏதாவது ஒரு பிசகு கண்ணில் படாதா என்று நெடுநேரம் பார்த்தார். இடது தட்டின் மேலே அவள் பெயர் எழுதிய தாள் இருந்தது. முள் அசையாமல், நேராக, கோட்டின்மேல் நின்றது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

கையெழுத்துப் போட்டார்.

வாசலில் குமாஸ்தா கூப்பிட்டார். கையில் ஒரு பாட்டில் இருந்தது. முதல் நாள் தராசுக்காரர் கொண்டுவந்தது.

"இத்தனை நாளா மேசைக்கு அடியிலேயே இருந்துச்சுண்ணே. கூண்டு கட்ட இடத்தைக் காலி பண்ணச் சொல்றாங்க. இதுக்கு நம்ம விதியில எடை கிடையாது. எங்க வைக்கறதுன்னு தெரியல."

தராசுக்காரர் வாங்கிக்கொண்டார். வண்டல் இறுகி, தண்ணீர் மேலே தெளிந்து, பார்க்கக் குடிக்கிற தண்ணீர்போலவே இருந்தது. அரை லிட்டர்த் தண்ணீர் ஐந்நூறு கிராம். பாட்டிலுக்கு ஓர் இருபது. கை தானாகவே சொன்னது: ஐந்நூற்று அறுபது.

நாற்பது கிராம் கூட இருந்தது.